புரோபாக்ஸுக்குப் புது ஷாக்: 34,000 கி.மீ. ஓட்டிய பிறகு

ரங்கூனில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு டொயோட்டா புரோபாக்ஸ் நிற்கும்; சரக்கு ஏற்ற வசதியான வேகன் கார். என்னுடையது 1500 சிசி. கடைச் சரக்கு ஏற்றியே அதன் முன்பக்க ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) செத்துப்போயிருந்தது. மட்கார்டை அமுக்கி விட்டால் மூன்று தடவை ஆடும். வலது ஸ்ட்ரட்டில் (முன்சக்கரத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) எண்ணெய் கசிந்து, புழுதி அப்பிக் கறுப்புக் களிம்பாகக் கிடந்தது. வலதுதான் முதலில் போகும். பர்மாவில் வண்டி போவது சாலையின் வலப்பக்கம்; ஜப்பான் வண்டி என்பதால் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே. ஓரத்துக் குழியெல்லாம் நேராக என் காலடியில்.

ஒரிஜினல் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஜப்பானில் கழற்றி வரும் பழையதில் உயிர் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யார் கண்டது? கயாபா கம்பெனியின் எக்ஸெல்-ஜி ஷாக் புதிதாக ஒரு ஜோடி எடுத்தேன். உள்ளே எண்ணெயோடு நைட்ரஜன் வாயுவும் உண்டு.

"அண்ணே, மேல் மவுண்டையும் சேத்து மாத்திருங்க. எப்படியும் ஸ்பிரிங்கைக் கழட்டத்தானே போறோம்" என்றார் மெக்கானிக் தம்பி. ஸ்ட்ரட்டின் தலையை வண்டியின் பாடியோடு பிடிக்கும் ரப்பர்த் துண்டுதான் மவுண்ட்.

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு, விடுங்க" என்றேன். கஞ்சத்தனம், வேறென்ன.

மூன்றாவது வாரம், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். மவுண்டில் இருக்கும் பேரிங் இறுகிப்போய், ஸ்பிரிங் கூடவே சுழலாமல் முறுக்கிக்கொண்டு பிறகு தெறித்து விடுபடுகிறது. மறுபடி எல்லாம் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கி, மவுண்ட் மாற்றி, இரண்டாம் முறை அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது). ஸ்ட்ரட்டின் அடியில் உள்ள இரண்டு போல்ட்டைத் தொட்டாலே கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மாறும்; அதனால் அலைன்மென்டைத் தவிர்க்க வழியில்லை. மிச்சம் பிடித்த காசு இரண்டு கூலியாகப் போயிற்று.

வெறும் வண்டியில் கொஞ்சம் விறைப்புதான். வீட்டம்மா இன்னும் முணுமுணுக்கிறார். சரக்கு ஏறினால் பிரமாதம். பிரேக் போட்டால் மூக்கு முன்போல் குத்துவதில்லை. உயரம் மட்டும் கூடவில்லை. பாரம் தாங்குவது ஸ்பிரிங், ஷாக் ஆட்டத்தை அடக்குவதோடு சரி.

பின்பக்கத்தை அப்போது தொடவில்லை. பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு ஐந்து பேரும் ஒரு மூட்டைத் தேங்காயுமாகப் போனபோது, தன்லின் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் பின்சீட்டுக்காரர்கள் எழும்பி உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமே பின் ஷாக்கும் வாங்கிவிட்டேன். அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அரை நாள்கூட ஆகவில்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் முன் வலது ஷாக்கின் தண்டில் லேசான எண்ணெய் ஈரம் தெரிந்தது. துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன், வழியவில்லை. இடது காய்ந்தேதான் இருக்கிறது.