மின்னல் கணிப்பு: மேக உயரமா, ஜவ்வரிசிப் பனியா, மின்னூட்டக் கணக்கா?

அன்றாடம் கணினியில் ஓடும் வானிலை மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்னல் என்றால் என்னவென்றே தெரியாது. காற்று, வெப்பம், ஈரம், மேகத்துளி, பனி இவைதான் அவற்றின் கணக்கு. வரைபடத்தில் மின்னல் என்று நாம் பார்க்கும் வண்ணம், அந்தக் கணக்கிலிருந்து ஊகித்து எடுத்தது. எதை வைத்து ஊகிப்பது என்பதில்தான் போட்டியே.

கோடையில் நம்மூர் வானிலை ஆர்வலர்கள் முதலில் திறப்பது கேப் வரைபடம். மேலெழும் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றலை அது காட்டும். கிலோவுக்கு 3000 ஜூல் என்று சிவந்து கிடந்தால் மனசு துள்ளும். ஆனால் அது அடுக்கி வைத்த விறகு மட்டுமே. பற்றவைக்க வேறொன்று வேண்டும். மேலே சூடான வறண்ட காற்று மூடி போட்டுவிட்டால் அன்றைக்கு ஒரு முழக்கம்கூடக் கேட்காது. கேப்பை மழைவீதத்தால் பெருக்கினால் இந்தக் குறை ஓரளவு தீரும். அமெரிக்க மின்னல் தரவில் இந்தப் பெருக்கல் நன்றாகப் பொருந்தியதாக 2014-இல் ராம்ப்ஸ் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. புவி ஒரு டிகிரி சூடேறினால் அங்கே மின்னல் சுமார் 12 சதவீதம் கூடும் என்ற கணிப்பு அதிலிருந்து வந்ததுதான். காலநிலை ஆய்வுக்கு அருமையான கருவி. நாளை மாலைக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன்.

அடுத்தது 1992-இல் பிரைஸ், ரிண்ட் என்ற ஆய்வாளர்கள் தந்த சூத்திரம். மேக உச்சியின் உயரம் தெரிந்தால் போதும், மின்னல் எண்ணிக்கை வந்துவிடும். நிலத்தின் மேல் அது உயரத்தின் 4.9-ஆம் அடுக்குக்கு (power) ஏற்ப ஏறும். அழகான எளிமை, ஆபத்தும் அதே இடத்தில்தான். 12 கி.மீ. உயர மேகத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6.7 மின்னல் என்று விடை வரும். அதையே மாதிரி 13 கி.மீ. என்று தவறாகக் கணித்தால் 9.9. ஒரே ஒரு கிலோமீட்டர் பிசகுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! கடலுக்குத் தனிச் சூத்திரம் (அங்கே அடுக்கு 1.73 மட்டுமே) இருப்பதால், கடற்கரையோரத்தில் கோடு கிழித்த மாதிரி விடை மாறும்.

இன்றைக்கு உண்மையில் மோதுபவை இரண்டு. ஒன்று ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் முறை. லோபஸ் என்ற ஆய்வாளர் 2016-இல் வெளியிட்டது, 2018 ஜூனில் அன்றாடக் கணிப்பில் சேர்ந்தது. மேகத்துக்குள் இருக்கும் பனியும் நீரும், கேப், மேகத்தின் அடி உயரம் மூன்றையும் சேர்த்து மின்னல் அடர்த்தியைச் சொல்கிறது. உலகம் முழுக்கக் கிடைக்கிறது. மாதிரியைச் சிறு மாற்றங்களோடு பலமுறை ஓட்டி வாய்ப்பு சதவீதமும் பார்க்கலாம். ஆனால் மாதிரி பூமியை 9 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது, அந்த அளவில் தனித்தனி இடிமேகம் உருவாகாது. மாதிரி அதைத் தோராயக் கணக்காகவே வைத்திருக்கிறது. ஆகவே 'இந்த மாவட்டம், நாளை பிற்பகல்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேகத்துக்குள்ளேயே வெட்டுவதையும் தரையில் இறங்குவதையும் அது பிரித்துச் சொல்வதில்லை.

மற்றது 2009-இல் மெக்கால் என்ற ஆய்வாளரின் குழு தந்தது. மின்னூட்டம் பிறக்கும் இடத்துக்கே போகிறது, அதனால் எனக்குப் பிடித்தது. மேகத்துக்குள் ஜவ்வரிசி போன்ற மென்பனி உருண்டைகளும் சிறு பனிப்படிகங்களும், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகளுக்கு நடுவே, மோதி விலகும்போதுதான் மின்னூட்டம் பிரிகிறது. கழித்தல் 15 டிகிரி மட்டத்தில் எவ்வளவு ஜவ்வரிசிப் பனி எவ்வளவு வேகமாக மேலே போகிறது என்பதற்கு இறுதி விடையில் நூற்றுக்கு 95 பங்கு. மேகத்தின் மொத்தப் பனிக்கு 5 பங்கு. முதலாவது மின்னலின் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும், இரண்டாவது அது பரவும் பரப்பை. அமெரிக்காவின் 3 கி.மீ. கட்ட மாதிரியில் இந்த முறை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எண்கள் வடக்கு அலபாமா இடிமழைகளை வைத்துச் சரிபார்த்தவை. மாதிரியின் பனிக்கணக்கு முறையை மாற்றினாலோ வேறு ஊருக்கு எடுத்துப்போனாலோ மறுபடி சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் பீகாருக்கு அப்படியே ஓட்டினால் வரும் எண்ணிக்கைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மூன்றாவது கட்சியும் உண்டு: மின்னூட்டத்தையே துகள் துகளாகக் கணக்கிட்டு, மின்புலம் எல்லை மீறும்போது மின்னலை வெட்டவிடும் மாதிரிகள். ஆராய்ச்சிக்குத் தங்கம், கணினி நேரமோ ஏகத்துக்கும் தின்னும். அத்தனை பாடுபட்டும் மாதிரி இடிமேகத்தை 40 கி.மீ. தள்ளி வைத்துவிட்டால் மின்னலும் 40 கி.மீ. தள்ளித்தான் விழும். தவறின் பெரும்பங்கு மேகம் எங்கே, எப்போது என்பதில் இருக்கும்வரை, காசை ரேடார் தரவை மாதிரிக்குள் ஏற்றுவதில் போடுவதே மேல் என்பது என் கட்சி.

2020 ஜூன் 25 அன்று பீகாரில் ஒரே நாளில் 80-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியானார்கள்; பலர் வயல்வேலையில் இருந்தவர்கள். அவர்களுக்கு முதல்நாள் இரவு உதவியிருக்கக்கூடியது ஐரோப்பிய வகைக் கணிப்பு, அன்று காலையில் மெக்கால் வகை. கடைசி அரை மணி நேரம் எந்த மாதிரிக்கும் உரியதல்ல. அந்த நேரத்துக்கு ரேடார் இருக்கிறது. விழுந்த மின்னலை உணரிகளால் பிடித்து 20, 40 கி.மீ. வட்டத்துக்குள் எச்சரிக்கும், புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் 'தாமினி' செயலியும் இருக்கிறது.