ஆல்டர்னேட்டர் போனால்: பிரித்துச் சரிசெய்வதா, புதிது போடுவதா?

ஓட்டத்திலேயே பேட்டரி விளக்கு எரிந்து, ஹெட்லைட் மங்கி, வண்டி நின்றுவிட்டதா? உடனே புது பேட்டரி வாங்காதீர்கள்; ஓட்டத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போயிருக்கலாம். ஜம்ப் ஸ்டார்ட் செய்து (வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பி), பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கும். 12.5-க்கும் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போய்விடலாம். பெல்ட்டும் ஃபியூஸும் சரியென்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

செலவு
பிரித்தால்: கார்பன் பிரஷ், பேரிங், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், எது போனதோ அதற்கும் கூலிக்கும் மட்டும்.
புதிது: பல மடங்கு.

நேரம்
பிரித்தால்: நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அரை நாள்.
புதிது: கையிருப்பு இருந்தால் ஓரிரு மணி நேரம்.

எவ்வளவு நாள் உழைக்கும்
பிரித்தால்: பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கைத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் புது பிரஷும் சீக்கிரம் தேயும். எப்படியும் பிரித்தாயிற்று, பேரிங்கையும் மாற்றிவிடுங்கள்.
புதிது: கவலை குறைவு.

பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் என்றால் பிரிப்பதே நியாயம். செம்புச் சுருள் கருகி வாடை அடித்தாலோ, வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ புதிதுதான். எதுவானாலும் ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டு வோல்ட் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.