சிம்மக்கல் மாடி இங்கிலீஷ் வகுப்பு: மூன்று மாதம் போனதில் கிடைத்தது

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன், வெளியூர்க் கம்பெனிகளுக்கு மெயில் போடுவதும் என் வேலைதான். போன வருடம் எங்களுக்கு வந்த அட்டைப்பெட்டிகள் அடிப்பக்கம் பிய்ந்துகொண்டே இருந்தன. பெட்டியை 'ஃபோர்ட்டிஃபை' செய்து அனுப்புங்கள் என்று எழுதினேன். பெட்டிக்காரர்கள் போன் போட்டு, எதைச் சேர்க்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த லோடும் அதே பெட்டியில் வந்து இறங்கிவிட்டது. அதற்கு முன் நான் போன ஒரு பயிற்சி மையத்தில் கொடுத்த வார்த்தைப் பட்டியலில் ஸ்ட்ரெங்தன், ரீஇன்ஃபோர்ஸ், ஃபோர்ட்டிஃபை மூன்றுக்கும் நேரே 'வலுப்படுத்து' என்று ஒரே அர்த்தம்தான் போட்டிருந்தது, அதை நம்பித்தான் எழுதினேன். அங்கே கட்டிய பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அந்தக் கோபத்தோடு சேர்ந்ததுதான் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் இந்தச் சாயங்கால வகுப்பு. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாதம் 1,500 ரூபாய், வாரத்தில் நாலு நாள், இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை. இவரிடம் பட்டியலே கிடையாது. ஒரு வார்த்தையை எடுத்தால் அது நமக்குப் பழகுகிற வரைக்கும் விடமாட்டார்.

என் பெட்டிக் கதையைச் சொன்னதும் சார் ஃபோர்ட்டிஃபையைத்தான் எடுத்தார், மூன்று வகுப்பு அதுவே ஓடியது. ஃபோர்ட் என்றால் கோட்டை என்று நமக்கே தெரியும், இரண்டுக்கும் வேர் லத்தீனில் பலமான என்று பொருள்படும் ஃபோர்டிஸ் என்ற சொல். ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, அகழி வெட்டி, எதிரி வந்தாலும் தாங்கும்படி செய்வதுதான் ஃபோர்ட்டிஃபை. நம்மிடம் இதற்கு 'அரண் செய்தல்' என்று கச்சிதமான சொல் இருக்கும்போது ஏன் வலுப்படுத்து என்றே எல்லாரும் எழுதுகிறார்கள் என்று சார் ரொம்ப வருத்தப்பட்டார், அந்த வருத்தம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பேட்சை நடத்தியே கூட்டிப்போனார். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மேலவாசலில் மிஞ்சி நிற்கிறதே, அந்தக் கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு இருந்ததாகச் சொல்லப்படும் கோட்டையை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்க வைத்து அகழியைத் தூர்த்ததையும், அந்த இடத்தில் வெளி வீதிகள் வந்ததையும், வேலையில் இருந்தவர்கள் பேரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இருக்கின்றன என்பதையும், விளக்குத்தூண் பிளாக்பர்ன் ஞாபகமாக வைத்தது என்பதையும் நடந்துகொண்டே சொன்னார். தினமும் டூவீலரில் அங்கிட்டும் இங்கிட்டும் போகிற வழிதான். ஒரு 'ஃபோர்ட்டிஃபைடு' ஊருக்குள் பிறந்து வளர்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் அரிசி. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது இதுதான். ரேஷன் அரிசியில் கொஞ்சம் வெளுப்பாக, தண்ணீரில் மிதக்கிற மணிகள் வந்ததே, அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லி எங்கள் அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவார்கள். அதுதான் ஃபோர்ட்டிஃபைடு ரைஸ், தமிழில் 'செறிவூட்டப்பட்ட அரிசி'. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி மாதிரியே அச்சில் எடுத்து, நூறு கிலோ சாதா அரிசிக்கு ஒரு கிலோ என்று கலப்பது. சத்து குறைவு உடம்பைத் தாக்காதபடி வெளியிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறோம், கோட்டை கட்டுகிற அதே வேலைதான். எதைச் சேர்த்தோம் என்று சொல்ல 'வித்', எதற்கு எதிராக என்று சொல்ல 'அகெய்ன்ஸ்ட்'. ஃபோர்ட்டிஃபை ரைஸ் வித் அயர்ன், ஃபோர்ட்டிஃபை எ டவுன் அகெய்ன்ஸ்ட் அட்டாக். பெட்டிக்காரர் எதைச் சேர்க்க என்று கேட்டது சரியான கேள்விதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இம்புட்டு நாளா சத்தையாடா பொறுக்கிப் போட்டேன்?" என்று கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தவர்தான், அதற்குப் பிறகு அந்த மணிகளைப் பொறுக்கவே இல்லை.

ரீஇன்ஃபோர்ஸ் வேறு சங்கதி, இருக்கிற ஒன்றுக்கு மேலும் முட்டுக்கொடுப்பது. எங்கள் பேட்சில் கட்டட வேலை சூப்பர்வைசர் ஒருவர் உண்டு, சார் அவரை எழுப்பி ஆர்.சி.சி. என்பதை விரித்துச் சொல்லச் சொன்னார். ரீஇன்ஃபோர்ஸ்டு சிமென்ட் காங்கிரீட், உள்ளே கம்பி கட்டி ஊற்றுவது. ஆக என் பெட்டிக்கு வேண்டியது இந்த வார்த்தைதான். ஸ்ட்ரெங்தன் எல்லாவற்றுக்கும் பொது, காற்று தானாக வலுத்தாலும் அதையே சொல்லலாம். ஆனால் ஃபோர்ட்டிஃபை என்றால் பெரும்பாலும் ஒருவர் செய்ய வேண்டும், எதைச் செய்தார் என்பதும் கூடவே வர வேண்டும். உச்சரிக்கும்போது அழுத்தம் முதலில், 'ஃபோர்' மேல்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன நேரத்துக்கு ஆரம்பிப்பதே இல்லை, பத்து நிமிடமாவது போகும். இருபது பேருக்கு ஒரே ஃபேன். கீழே வண்டி நிறுத்த இடம் கிடையாது, சந்துக்குள் விட்டுவிட்டு நடக்க வேண்டும். மூன்று மாதத்தில் நாற்பது வார்த்தை தாண்டவில்லை, அதனால் பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ அவசரமாகத் தயாராகிறவர்களுக்கு இது சரிவராது. சர்டிபிகேட்டும் தரமாட்டார். வேலையில் இங்கிலீஷ் எழுத வேண்டியிருக்கிறவர்கள் யோசிக்காமல் சேரலாம்.

போன மாதம் பெட்டிக்காரர்களுக்கு, அடிப்பக்கத்தை இன்னொரு அட்டை வைத்து ரீஇன்ஃபோர்ஸ் செய்யுங்கள் என்று எழுதினேன். போன் வரவில்லை, இரட்டை அட்டை அடித்த பெட்டிதான் வந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் ஏழு மணிக்கே போய்விடுங்கள், ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்கும்.