கோவின் முதல் யு-வின் வரை: தாராவிக் கடையிலிருந்து ஓர் அனுபவம்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பான் கார்டு, ஊருக்குப் போக ரயில் டிக்கெட் என்று வருகிறவர்களில் பாதிப்பேர் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். 2021-லிருந்து கொரோனா தடுப்பூசிக்கான அரசின் பதிவுத் தளமான கோவினையும், இப்போது கர்ப்பிணிகள், குழந்தைகளின் தடுப்பூசிகளைப் பதியும் யு-வினையும் பெரும்பாலும் அவர்களுக்காகத்தான் பயன்படுத்தி வருகிறேன். சொந்த போனில் தன் பெயரைத் தானே பதிந்துகொண்டவர்களின் அனுபவம் வேறு மாதிரி இருந்திருக்கும். நான் எழுதுவது, குடும்பத்துக்கே ஒரு போன் இருக்கிற வீடுகளைப் பற்றி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுமே தேவையான ஏற்பாடுகள். யாருக்கு எந்த ஊசி, எந்த நாளில், எந்த மையத்தில் என்ற கணக்கு நாடு முழுக்க ஒரே இடத்தில் இருப்பது பெரிய விஷயம். ஆனால் ஐந்து வருடமாக என் கடைக்கு வந்த சிக்கல்களில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை: ஆளைத் தேடிப் பிடிக்க மொபைல் எண்ணை நம்பியது.

2021 மார்ச்சில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொடங்கியபோது பெரிய தொல்லை இல்லை. ஆதாரோடு நேராகப் போனால் மையத்திலேயே பதிந்து ஊசி போட்டார்கள். மே 1 முதல் 18 வயதைத் தாண்டியவர்களுக்கும் என்று வந்தபோதுதான், ஆன்லைனில் பதிந்தால் மட்டுமே ஊசி என்று ஆனது. அந்த மே மாதத்தை மறக்க முடியாது. 400017 என்று பின்கோடு போட்டுத் தேடினால் எல்லாம் சிவப்பாக இருக்கும். எப்போதாவது பச்சை தெரிந்து, அதைத் தொட்டு, படத்தில் உள்ள எழுத்தைத் தட்டி முடிப்பதற்குள் அதுவும் போய்விடும்.

இட்லி வியாபாரம் செய்யும் ஒருவரின் மனைவி ஆதாரோடு கடைக்கு வருவார். வீட்டில் இருக்கும் ஒரே போன் வியாபாரத்துக்குப் போன கணவரிடம். ஓடிபி அந்தப் போனுக்குத்தான் போகும். கூப்பிட்டால் அவர் மாஹிம் பக்கம் சைக்கிளை நிறுத்தி, கையைத் துடைத்து, மெசேஜைத் திறந்து ஒவ்வோர் எண்ணாகப் படிப்பார். "அண்ணாச்சி, ஆறா ஒன்பதா தெரியல, இருங்க" என்பார். அதற்குள் நேரம் முடிந்து மறுபடி முதலிலிருந்து. பக்கமும் முதலில் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் இந்தி, மராத்தி எல்லாம் சேர்த்தபோது தமிழ் அதில் இல்லை. குரல் எழுந்த பிறகுதான் தமிழும் வந்தது.

அதே சமயம், கோவினின் தகவலை வெளியார் எடுத்துப் பயன்படுத்த வழி திறந்திருந்ததால், இடம் காலியானதும் டெலிகிராமில் தெரிவிக்கும் சேவைகள் வந்தன. சென்னையைச் சேர்ந்த பெர்ட்டி தாமஸ் உருவாக்கிய 'அண்டர்45' அதில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. நல்ல எண்ணத்தோடு இலவசமாகச் செய்தது, எனக்கும் உதவியது. ஆனால் கையில் நல்ல போனும் நாள் முழுக்க இணையமும் உள்ளவருக்குத்தான் அதில் முழுப் பலன். எங்கள் பகுதி வரிசையிலேயே வேறெங்கிருந்தோ காரில் வந்தவர்கள் நின்றதைப் பார்த்தேன். அவர்கள் மீது தப்பில்லை, அவர்களுக்கும் உயிர் முக்கியம்தான். ஏற்பாடு அப்படி. மே 24-இல் அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு அனுமதி வந்தது. மே 31-இல் உச்ச நீதிமன்றமும் இணையம் இல்லாதவர் என்ன செய்வார் என்று கேட்டது. ஜூன் 21 முதல் 18 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அரசு மையங்களில் இலவசம் என்று ஆனபோதுதான் எங்கள் ஆட்கள் மூச்சுவிட்டார்கள்.

சரி, ஊசி போட்டாயிற்று. உண்மையான தலைவலி சான்றிதழில் தொடங்கியது.

ஏப்ரலில் இங்கே முதல் டோஸ் கோவிஷீல்டு போட்டவர்கள், வேலை நின்றதும் ஊருக்குப் போய்விட்டார்கள். மே 13-இல் இரண்டு டோஸுக்கு இடையே 12 முதல் 16 வாரம் என்று மாற்றினார்கள். இரண்டாவதை ஊர் முகாமிலேயே போட்டுக்கொண்டார்கள். இங்கே பதிந்தது ஆதாரும் தன் எண்ணும். அங்கே கொடுத்தது வாக்காளர் அட்டையும் தம்பியின் எண்ணும். கோவினுக்கு இவர் புது ஆள். கையில் இரண்டு தாள், இரண்டிலும் 'முதல் டோஸ்'. ஆகஸ்ட் 15 முதல், இரண்டு டோஸும் முடிந்து 14 நாள் ஆனவர்களுக்கு மும்பை லோக்கல் ரயிலில் போகலாம் என்றார்கள். இரண்டு ஊசியும் போட்ட மனிதர், தாளில் ஒன்றுதான் இருப்பதால் பாஸ் வாங்க முடியாமல் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் வந்தார். கொத்துவேலைக்குப் போகிறவருக்கு அது சம்பளத்தில் கை வைக்கிற விஷயம்.

இரண்டு முதல் டோஸ் சான்றிதழ்களைச் சேர்க்கும் வசதி பின்னால் வந்தது. அதற்கும் அந்தத் தம்பியின் எண் உயிரோடு இருக்க வேண்டும், அவர் போனை எடுக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் எண் போய்விட்டால் என்ன செய்வது? இதைக் கேட்டு வந்தவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை.

பாராட்ட வேண்டியதையும் சொல்ல வேண்டும். முன்பதிவு செய்துவிட்டுப் போகாதவர்களுக்கும் 'ஊசி போட்டாயிற்று' என்று செய்தி வந்த குழப்பத்தை, மே 8-இல் கொண்டுவந்த நாலு இலக்க ரகசிய எண் நன்றாகவே அடைத்தது. சான்றிதழில் வயது மட்டும் இருந்ததை, வெளிநாடு போகிறவர்களுக்காக முழுப் பிறந்த தேதியோடு தர வழி செய்தார்கள். குறை தெரிந்தால் திருத்துகிற குழு பின்னால் இருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு அப்போது வந்தது. ஆனால் 2023 ஜூனில் டெலிகிராமில் தானாகப் பதில் தரும் ஒரு 'பாட்' நிரலில் மொபைல் எண்ணைப் போட்டால் ஊசி போட்டவரின் விவரம் வருவதாகச் செய்தி வந்தபோது, கடைக்கு வந்தவர்கள் ஆதாரை நீட்டவே தயங்கினார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது. தயக்கம் உடனே போய்விடவில்லை.

இப்போது யு-வின். 2023-இல் 65 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2024 அக்டோபர் 29-இல் நாடு முழுவதற்கும் வந்தது. கர்ப்பிணிகள், பிறந்த குழந்தை முதல் பதினாறு, பதினேழு வயது வரை எல்லா ஊசியும் இதில் ஏறும். எந்த ஊரில் போட்டாலும் எந்த ஊரிலும் பார்க்கலாம் என்பதுதான் இதன் பெருமை. எங்கள் சனத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்க முடியாது. ஏனென்றால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். குழந்தை நெல்லையில் பிறக்கும், காசநோய்க்கான பிசிஜியும் போலியோ சொட்டும் மஞ்சள் காமாலை ஊசியும் அங்கே, ஐந்தாம் மாதம் தாராவிக்கு வரும்.

தாயின் சொந்த எண்ணைக் கொடுத்த வீடுகளில் இது அழகாக வேலை செய்கிறது. இங்குள்ள ஹெல்த் போஸ்ட்டில், அதாவது மாநகராட்சியின் சிறு சுகாதார மையத்தில், எண்ணைப் போட்டதும் ஊரில் போட்ட டோஸ்கள் வரிசையாக வந்ததைப் பார்த்து ஒரு பெண் கண் கலங்கினாள். அவளுடைய தடுப்பூசி கார்டு ரயிலில் பையோடு தொலைந்திருந்தது.

ஆனால் பிரசவ நேரத்தில் ஆஸ்பத்திரியில் ஓடியாடுகிறவர் குழந்தையின் தாத்தா. கேட்டால் தன் எண்ணைத்தான் சொல்வார். நினைவூட்டும் குறுஞ்செய்தி ஊரில் அவருக்குப் போகும், குழந்தை இங்கே இருக்கும். இங்கே தேடினால் கிடைக்காது. நர்ஸ் புதிதாகப் பதிவார், பழைய பதிவில் அந்தக் குழந்தை பாக்கிப் பட்டியலில் நிற்கும். கோவினில் பார்த்த அதே கதை, இப்போது பச்சைக் குழந்தைக்கு. இதை வெளியே தெரியாமல் தாங்கிப் பிடிப்பது, சந்து சந்தாக நடந்து வீட்டுக் கதவைத் தட்டும் ஆரோக்ய சேவிகாக்கள் என்ற சுகாதாரப் பணிப்பெண்கள். எந்த வீட்டு மருமகள் ஊரிலிருந்து வந்துவிட்டாள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் கையில் உள்ள போனிலேயே பழைய எண்ணை மாற்றவும், ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று எண்களை வைக்கவும் சுலபமான வழி இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதுவரை ஊருக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். பதியும்போது தாயின் எண்ணையே கொடுங்கள். எந்த எண்ணைக் கொடுத்தீர்கள் என்பதையும், பதிவு எண்ணையும் கார்டின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதுங்கள். தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் கர்ப்ப காலத்தில் தாய்-சேய் நலப் பதிவுக்குத் தரும் ஆர்சிஎச் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கார்டை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைத் தாத்தா வீட்டில் வையுங்கள். மும்பைக்கு வந்த வாரமே ஹெல்த் போஸ்ட்டில் காட்டிப் பதிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் ஊசி அடுத்தடுத்து வருவதால் தவறுவது குறைவு. அதன் பிறகு ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசி வரை நீண்ட இடைவெளி. ஊர் மாறுவதும் எண் மாறுவதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.