கட்டாக்கிஸா, ஆர்மலைட்டா, என்ஃபோர்சரா? கமடோர் 64-இன் பிற்கால விண்கலச் சண்டைகள்

கமடோர் 64 என்ற வீட்டுக்கணினி வெளிவந்தது 1982-இல். பக்கவாட்டில் நகரும் திரையில் விண்கலம் ஓட்டிச் சுடும் ஆட்டங்களில் அதற்குப் பேர் வாங்கித் தந்த மூன்றை எடுத்தால், மூன்றுமே கணினிக்கு வயதான பிறகு வந்தவை. கட்டாக்கிஸும் ஆர்மலைட்டும் 1988. என்ஃபோர்சர் 1992, அதற்குள் அமிகா கணினியும் சேகா மெகா டிரைவ் ஆட்டப்பெட்டியும் ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன. மூன்றில் ஒன்றை ஆடத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு ஆர்மலைட்டுக்கு. மற்ற இரண்டின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

முதலில் எந்திரத்தின் கையிருப்பைப் பார்த்துவிடலாம். சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6510 சிப், 64 கிலோபைட் நினைவகம், 16 நிறங்கள், 24×21 புள்ளி அளவில் 8 ஸ்ப்ரைட்டுகள், அதாவது பின்னணியைத் தொடாமல் தனியாக நகர்த்தக்கூடிய உருவங்கள். அப்புறம் எப்படித் திரை நிறைய எதிரிகள் வருகிறார்கள்? டிவியின் கதிர் மேலிருந்து கீழாகத் திரையை வரைகிறது. அது ஒரு ஸ்ப்ரைட்டைத் தாண்டியதும், அதே ஸ்ப்ரைட்டுக்கு வேறு உருவம் கொடுத்து இன்னும் கீழே நிறுத்திவிடுவார்கள். ஒரே ஃப்ரேமில், அதாவது திரையை ஒருமுறை வரைந்து முடிப்பதற்குள், ஒரு ஸ்ப்ரைட் இரண்டு மூன்று வேஷம் போடும். ஆனால் ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் நிற்க முடியாது; ஒன்பதாவது காணாமல் போகும் அல்லது மினுக்கும். அதனால் எதிரிப்படை எந்த வளைவில் வரவேண்டும் என்பதை ஆட்டத்தை வடிவமைப்பவர் மட்டும் முடிவு செய்வதில்லை. சிப்பையும் கேட்டாக வேண்டும்.

கட்டாக்கிஸ் ஜெர்மனியின் ரெயின்போ ஆர்ட்ஸ் வெளியிட்டது. மூளை மான்ஃப்ரெட் ட்ரென்ஸ். ஐரெம் நிறுவனம் 1987-இல் ஆர்கேடுக்கு (காசு போட்டு ஆடும் எந்திரங்களுக்கு) விட்ட ஆர்-டைப் ஆட்டத்தை அப்படியே பார்த்துச் செய்தது என்று யாருக்கும் தெரியும்: கலத்தின் மூக்கில் ஒட்டிக்கொள்ளும் துணைக்கருவி, பொத்தானை அழுத்திப் பிடித்தால் சக்தி சேர்ந்து பாயும் கதிர், உலோகப் பளபளப்புள்ள சுவர்கள். ஆர்-டைப்பின் வீட்டுக்கணினி உரிமை வைத்திருந்த ஆக்டிவிஷன் சும்மா இருக்குமா? ஆட்டத்தைக் கடையிலிருந்து எடுக்கவேண்டி வந்தது. பிறகு சில மாற்றங்களோடு டெனாரிஸ் என்ற பெயரில் திரும்ப வந்தது. வேடிக்கை என்னவென்றால், கமடோர் 64-க்கான அதிகாரபூர்வ ஆர்-டைப்பை எழுதும் வேலையும் ட்ரென்ஸிடமே போனது. நகல் எடுத்தவனையே அசலுக்கு எழுத்தராக வைத்த கதை.

ஆட்டமாகப் பார்த்தால் கட்டாக்கிஸ் கரடுமுரடு. கண்ணுக்கு விருந்து, கைக்குத் தண்டனை. கிறிஸ் ஹ்யூல்ஸ்பெக்கின் இசைக்காக மட்டுமே அதைக் கணினியில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். மூன்றே குரல் உள்ள சிட் என்ற ஒலிச் சிப்பில் அவ்வளவு அகலமான ஓசையை வாங்கியது பெரிய விஷயம்.

ஆர்மலைட் பிரிட்டனிலிருந்து, தலாமஸ் வெளியீடாக வந்தது. டான் பிலிப்ஸும் ஜான் கெம்பும் நிரல், ராபின் லெவி ஓவியம், மார்ட்டின் வாக்கர் ஒலி. இதிலும் ஆர்-டைப்பின் சாயல் உண்டு. ஆனால் இங்கே துணைக்கலம் மூக்கில் ஒட்டாமல் தனியாக மிதக்கிறது. உங்கள் அசைவைப் பின்பற்றும், வேண்டுமென்றால் ஓரிடத்தில் நிறுத்தி வைக்கலாம். சிறிய மாற்றம்தான், ஆனால் ஆட்டமே மாறிவிடுகிறது. அடுத்த அலை கீழிருந்து வரும் என்று தெரிந்தால், துணையைக் கீழே நிறுத்திவிட்டு நீங்கள் மேலே போகலாம். தோற்றால் எங்கே நிறுத்தியது தவறு என்று யோசிக்க வைக்கும். கட்டாக்கிஸில் தோற்றால் ஜாய்ஸ்டிக்கைத்தான் திட்டத் தோன்றும். கூடவே இன்னொருவர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆடவும் வழி இருக்கிறது. இரண்டு கலங்கள், அவற்றின் குண்டுகள், எதிரிப்படை எல்லாம் இந்தச் சிறிய எந்திரத்துக்குள் என்று நினைத்தால் தலை சுற்றும். சுலபமான ஆட்டம் இல்லை. ஒரு அடி பட்டால் உயிர் போச்சு. ஆனாலும் அநியாயம் என்று சொல்ல முடியாது.

என்ஃபோர்சரில் மறுபடியும் ட்ரென்ஸ். இடையில் டர்ரிக்கன் ஆட்டங்களால் பேர் பெற்றுவிட்டார். கை முற்றியிருப்பது முதல் திரையிலேயே தெரிகிறது. பின்னணி பல அடுக்காக, வெவ்வேறு வேகத்தில் நகர்கிறது. அமிகாவில் இதற்கு வன்பொருளே கைகொடுக்கும். கமடோர் 64-இல் இருப்பது ஒரே அடுக்கு. தூரத்துக் காட்சி தனியாக நகர்வதுபோல் காட்ட, அந்தக் காட்சியை வரையப் பயன்படும் எழுத்துருக்களின் (எழுத்தளவுச் சிறு கட்டங்களின்) பைட்டுகளையே ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகர்த்தி எழுதுவது இங்கே வழக்கமான தந்திரம். முன்பக்கத் திரை ஒரு பக்கம் நகர, அதன்மேல் இந்த வேலையும் சேர்ந்தால், ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் சிப்பின் சுமார் 19,600 சுழற்சிகளில் (கடிகாரத் துடிப்புகளில்) எதிரிகளுக்கு மிச்சம் எவ்வளவு இருக்கும்? அந்தக் கணக்கில்தான் என் குறையும் இருக்கிறது. என்ஃபோர்சர் பார்க்க அசத்துகிறது, வழவழவென்று ஓடுகிறது. ஆனால் ஆர்மலைட் தருகிற மாதிரி ஒரு முடிவெடுக்கும் இடத்தை அது எனக்குத் தரவில்லை. சுட்டுக்கொண்டே போகிறோம், அவ்வளவுதான். எந்திரத்தின் திறமையைக் காட்டுவதில் மூன்றில் இதுதான் முதல், சந்தேகமில்லை.

இதை வெளியிட்டது சிபி வெர்லாக் என்ற ஜெர்மன் பத்திரிகை நிறுவனம். ஆட்டங்களை ஏற்றப் பிரிட்டனில் கேசட் ஆட்சி செய்தபோது ஜெர்மனியில் ஃப்ளாப்பி டிரைவ் சகஜம். 1992-இல் இப்படியொரு ஆட்டம் அங்கே வந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, எதை எடுப்பது? நண்பர் பக்கத்தில் இருந்தால் யோசிக்காமல் ஆர்மலைட். பழைய எட்டு பிட் எந்திரத்தில் என்னவெல்லாம் முடியும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட என்ஃபோர்சர். விளக்கை அணைத்துவிட்டுத் தலைப்பு இசை கேட்க கட்டாக்கிஸ். ஆடியே தீரவேண்டும் என்று கட்டாயமில்லை.

எமுலேட்டரில் (பழைய எந்திரத்தைப் போல நடிக்கும் நிரலில்) ஓட்டுபவர்கள் வைஸ் (VICE) நிரலில் ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் டிவிக்கு எழுதியவை. அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் ஒரு ஃப்ரேமுக்கு 17,000 சுழற்சிகளுக்குச் சற்று மேலேதான் கிடைக்கும். இப்படிக் கணக்குப் பார்த்து எழுதிய ஆட்டங்கள் அதில் தடுமாறக்கூடும், இசையும் அவசரப்படும்.