நால்வர் கூடி ஆட வேண்டிய பந்தயம்: மாரியோ கார்ட் 64

நிண்டெண்டோ 64 கருவிக்காக 1996 டிசம்பர் 14 அன்று ஜப்பானிலும், அடுத்த ஆண்டு பிற நாடுகளிலும் வெளியான மாரியோ கார்ட் 64 என்ற வண்டிப் பந்தய வீடியோ விளையாட்டை இன்று எடுத்து ஆடும் ஒருவர், எத்தனை பேருடன் ஆடுகிறார் என்பதைப் பொறுத்தே அதன் தரத்தை உணர்வார். நால்வர் ஒரே திரையின் முன் அமர்ந்தால் இதற்கு ஈடான பந்தய விளையாட்டுகள் மிகச் சிலவே என்று உறுதியாகச் சொல்வேன். தனியாக ஆடுபவருக்கோ இது அடிக்கடி அநியாயமாகப் படும். பின்தங்கியவரைக் கைதூக்கிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் மனிதர்களிடையே விருந்தாகவும் கணினிக்கு எதிரே வஞ்சமாகவும் மாறுகிறது.

முதலில் ஓட்டும் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 1992-இல் வந்த முந்தைய விளையாட்டின் தடங்கள் தட்டையான தரையில் வரையப்பட்ட படங்கள் போன்றவை. இதில் மேடும் பள்ளமும் குகையும் பாலமும் வந்துவிட்டன, கட்டுப்பாட்டுக் கருவியில் எப்பக்கமும் சாய்க்கக்கூடிய அனலாக் குச்சியால் வளைவை அளந்து திருப்பவும் முடிகிறது. வளைவில் வண்டியைத் துள்ளவைத்துச் சறுக்கத் தொடங்கி, குச்சியை வெளிப்புறமும் உட்புறமுமாக மாற்றி மாற்றிச் சாய்த்தால், சக்கரப் புகையின் நிறம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும் பின் சிவப்புக்கும் மாறும். அந்த நொடியில் பொத்தானை விட்டால் வண்டி முன்னே பாயும். இது ஒரே நாளில் கைவரும் வித்தை அன்று. ஆனால் விரல்களுக்குப் பழகிவிட்டால் ஒவ்வொரு வளைவும் ஒரு சிறு தேர்வாகிவிடுகிறது. வாழைப்பழத்தில் சறுக்கிய உடனே பிரேக்கை அழுத்தினால் சுழலாமல் தப்பலாம் என்பது போன்ற நுணுக்கங்களும் உண்டு; அவற்றை ஒரு கையேட்டில் படிப்பதைவிட அருகில் இருப்பவர் ஆடுவதைப் பார்த்துக் கற்பதே இனிது.

தடத்தில் நிற்கும் பெட்டிகளை இடித்தால் கிடைக்கும் ஆயுதங்கள், ஓட்டுபவர் எந்த இடத்தில் ஓடுகிறார் என்பதைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. முதலிடத்தில் இருப்பவருக்கு வாழைப்பழமும் பச்சை ஆமை ஓடும். கடைசியில் தவிப்பவருக்கு சிறிது நேரம் எதனாலும் தாக்க முடியாதவராக்கும் நட்சத்திரம், மற்றவர்களைச் சுருக்கி வேகத்தைக் குறைக்கும் மின்னல், முன்னணியில் இருப்பவரைத் தேடி ஓடும் முள் நிறைந்த நீல ஆமை ஓடு. அந்த நீல ஓடு இந்தத் தொடரில் முதன்முதலாக இங்குதான் அறிமுகமானது. இதனால் நால்வர் ஆட்டத்தில் புதிதாக வந்தவருக்கும் கடைசிச் சுற்று வரை நம்பிக்கை மிஞ்சுகிறது. வாரியோ ஸ்டேடியம் என்ற தடத்தில் ஒருவர் பெரிய தாவலின் நடுவானில் இருக்கும்போது இன்னொருவர் மின்னலை ஏவினால், அவர் தடத்தின் முந்தைய பகுதியில் விழுந்து பல நொடிகளை இழப்பார். அப்போது அறையில் எழும் கூச்சலைக் கேட்டவர்கள் இந்த விளையாட்டை மறப்பதில்லை.

மோதல் ஆட்டத்தை இதன் உச்சம் என்பேன். ஒவ்வொருவருக்கும் மூன்று பலூன்கள். மூன்றும் உடைந்தவர் தோற்றார். நான்கு அரங்குகளில் பிளாக் ஃபோர்ட் தனித்து நிற்கிறது. நான்கு மூலைகளில் நான்கு நிறக் கோபுரங்கள், மேலே அவற்றை இணைக்கும் பாலங்கள், கீழே திறந்த வெளி என்ற எளிய அமைப்பு, ஒளியவும் துரத்தவும் மேலிருந்து குதித்துத் தப்பவும் சமமாக இடம் தருகிறது. மூன்று அல்லது நான்கு பேர் ஆடும்போது முதலில் தோற்றவர் வெடிகுண்டாக மாறி உலவலாம் என்பதால் அவரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இனிக் குறைகள். தனி ஒருவராகவோ இருவராகவோ ஆடும் கோப்பைப் போட்டிகளில் கணினி ஓட்டும் வண்டிகள் நேர்மையாக ஓடுவதில்லை. குறிபார்த்துச் சிவப்பு ஆமை ஓட்டை எறிந்து ஒரு போட்டியாளரைக் கவிழ்த்துவிட்டு, பிழையின்றி நான்கைந்து வளைவுகளைக் கடந்து திரும்பிப் பார்த்தால், அதே வண்டி உங்கள் பின்சக்கரத்தை உரசிக்கொண்டு நிற்கும்; அது இயல்பை மீறிய வேகத்தில் நெருங்குவதைச் சிறு வரைபடத்திலேயே காணலாம். சறுக்கலில் நீங்கள் சம்பாதித்த நொடிகள் அவ்வாறு துடைத்தெறியப்படும்போது திறமைக்கு மதிப்பில்லையோ என்ற எண்ணம் எழுகிறது. மனிதர் கையில் நீல ஓடு கிடைப்பது அதிர்ஷ்டம். நாளை அது உங்களுக்கும் கிடைக்கும். கணினிக்குக் கிடைக்கும் இந்த மறைமுக வேகமோ உங்களுக்கு ஒருநாளும் கிடைக்காது. மிக வேகமான 150 சிசி நிலையில் இந்த வேறுபாடு மிகவும் உறுத்துகிறது. தனியாக ஆடுவோருக்கு உண்மையான புகலிடம் நேரப் பந்தயம்தான்: கையில் வேகம் கூட்டும் மூன்று காளான்கள், எதிரே நம் முந்தைய ஓட்டத்தின் நிழல், வேறு எவர் தயவும் இல்லை. ஆனால் அந்த நிழலைச் சேமித்துவைக்கத் கன்ட்ரோலர் பேக் என்ற நினைவக அட்டையைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

பதினாறு தடங்களும் ஒரே தரத்தில் இல்லை. போக்குவரத்து நெரிசலுக்குள் பாய்ந்தோடும் டோட்ஸ் டர்ன்பைக்கும், கிளைவழிகள் பின்னிக் கிடப்பதால் யார் எந்த இடத்தில் ஓடுகிறார் என்பதைக் காட்டாமல் கேள்விக்குறியை மட்டும் காட்டும் யோஷி பள்ளத்தாக்கும் என்றும் சலிக்காதவை. அதற்கு மாறாக, ஒளிரும் வானவில்லாக விண்வெளியில் நீளும் ரெயின்போ ரோடு பார்க்கப் பரவசமூட்டினாலும், மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம் பிடிக்கும். இருபுறமும் தடுப்புகள் இருப்பதால் விழும் அச்சமும் குறைவு. இறுதித் தடத்தில் இருக்க வேண்டிய பதற்றம் அங்கே இல்லை. எட்டு ஓட்டுநர்களிலும் சமநிலை போதாது: எடை குறைந்த பீச், டோட், யோஷி மூவரும் விரைவாக வேகம் பிடிப்பதால், பவுசர் போன்ற கனமானவர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதிகம் இல்லை.

தடங்கள் முப்பரிமாணத்தில் இருந்தாலும் ஓட்டுநர்கள் தட்டைப் படங்களே என்பது அருகில் வரும்போது தெரிகிறது. மூவரோ நால்வரோ பந்தயம் ஓடும்போது கென்டா நாகாடாவின் உற்சாகமான இசை முற்றிலும் நின்றுவிடுவது எனக்கு இன்றும் வருத்தம் தருவது; கொண்டாட்டம் மிகும் வேளையில்தான் மௌனம் வருகிறது.

2021 அக்டோபர் முதல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியின் இணையச் சந்தாவின் விரிவாக்கத் தொகுப்பில் இது கிடைப்பதால், பழைய கார்ட்ரிட்ஜைத் தேடி அலைய வேண்டியதில்லை. இணையம் வழியாக நண்பர்களுடன் ஆடவும் அங்கே வழி உண்டு. புதிதாகத் தொடங்குவோர் கோப்பைகளை ஒதுக்கிவைத்து, மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பிளாக் ஃபோர்ட்டில் இறங்கட்டும். சறுக்கலைப் பழக விரும்பினால் பிறகு லூய்ஜி ரேஸ்வே என்ற தடத்தில் நேரப் பந்தயம் ஓடலாம்.