திருவனந்தபுரத்தில் கச்சேரி தேடிய எட்டு வருஷம்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுவேன். சாயங்காலம் எங்காவது பாட்டுக் கேட்டுவிட்டு, தம்பானூர் பஸ் நிலையம் பக்கம் ஒரு லாட்ஜில் தூங்கி, ஞாயிறு காலை பழம்பொரிப் பொட்டலத்தோடு வீடு திரும்புவேன். மாதம் ஒரு தடவை, சில மாதம் இரண்டு. கொரோனா காலத்தைக் கழித்துவிட்டால் எட்டு வருஷமாக இதுதான் வழக்கம். இத்தனை நாளில் எதை வைத்துக் கச்சேரி தேடினேன், எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வருஷம் முழுக்க செல்போன் மேப்தான். 'லைவ் மியூசிக்' என்று அடித்தால் வந்ததெல்லாம் பார், ஹோட்டல் மொட்டைமாடி, காபிக் கடை. அப்படி ஒரு உணவகத்துக்கு நண்பனோடு போனேன். மூலையில் ஒரு பையன் லேப்டாப்பில் கரோக்கி டிராக்கை ஓடவிட்டுப் பாடிக்கொண்டிருந்தான். குரல் நன்றாகத்தான் இருந்தது, பாவம். ஆனால் அவன் சரணத்துக்குப் போகும்போதெல்லாம் மேஜைக்காரர்கள் சிக்கன் வரவில்லை என்று சத்தம் போட்டார்கள். பில்லில் 'என்டர்டெய்ன்மென்ட்' என்று தனியாக ஒரு வரி இருந்தது. இன்னொரு தடவை வேறு ஒரு பாருக்குப் போனபோது ஷட்டரே இறங்கியிருந்தது. அன்று தேதி 1. கேரளத்தில் மாதம் முதல் தேதி பார் திறக்காது என்பது எல்லையில் குடியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

டிக்கெட் விற்கிற செயலிகளை அப்படிக் குறை சொல்ல மாட்டேன். பேண்டு கச்சேரி, பெரிய சினிமாப் பாடகர் நிகழ்ச்சி என்றால் தேதி, நேரம், இருக்கை எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் விற்கிற சரக்கு மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். நான் இந்த நகரத்தில் கேட்ட நல்ல பாட்டில் பாதிக்கு மேல் காசு கொடுக்காமல் கேட்டது. அதை எந்தச் செயலி எதற்காகப் பட்டியல் போடப் போகிறது?

மேப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது கட்டடத்தைக் காட்டும், தேதியைக் காட்டாது. வழுதக்காட்டில் டாகூர் தியேட்டர், பாளையத்தில் அய்யங்காளி ஹால் (2019 வரை வி.ஜே.டி. ஹால், ஆட்டோக்காரரிடம் இன்றைக்கும் பழைய பெயரைச் சொன்னால்தான் சட்டென்று புரிகிறது), கனகக்குன்னில் நிசாகந்தி என்று வரிசையாகக் குறித்து வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். ஒன்றில் ஏதோ சங்க மாநாடு, ஒன்றில் புத்தக வெளியீடு, ஒன்றில் பூட்டு. அப்புறம்தான் புத்தி வந்தது. இந்த ஊரில் இடத்தைத் தேடிப் பிரயோஜனம் இல்லை, தேதியைத் தேட வேண்டும். பாட்டு இங்கே பஞ்சாங்கத்தோடு நடக்கிறது.

தேதியைத் தேடப் போனால் மலையாளப் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கமும் கோயில் உற்சவ நோட்டீசும்தான் கதி. பத்திரிகையில் 'நகரத்தில் இன்று' மாதிரி ஒரு சின்னப் பத்தி வரும், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில். அதற்காகவே மலையாள எழுத்துப் படித்தேன். வாத்தியார் என் அம்மா. 1956-இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மலையாளம் படித்தவள். அந்த இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு இன்றைக்கும் என் உச்சரிப்பைத் திருத்துகிறாள்.

உற்சவ நோட்டீஸ் தனிக் கலை. நீளமாக மடித்திருக்கும், பின்பக்கம் முழுக்க நகைக்கடை, பர்னிச்சர் கடை விளம்பரம். உள்ளே ஒவ்வொரு நாளும் காலை பூஜையிலிருந்து ராத்திரி வரை நேரம் போட்டிருக்கும். அதில் 'சங்கீத சதஸ்ஸு' என்று இருந்தால் நம்ம கர்நாடகக் கச்சேரி. 'கானமேள' என்றால் சினிமாப் பாட்டு ஆர்க்கெஸ்ட்ரா. 'சோபான சங்கீதம்' என்றால் சந்நிதிப் படிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றபடியே, தோளில் தொங்கும் இடக்கா என்ற சின்ன மேளத்தைத் தட்டிக்கொண்டு பாடுவார். மைக் பிடித்த மேடை நிகழ்ச்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். போட்டிருக்கிற நேரத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். தீபாராதனை தள்ளிப்போனால் எல்லாம் தள்ளிப்போகும். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பதால் கானமேள கடைசியில் ஓட்டமாக ஓடும்.

நவராத்திரிக்கு நோட்டீஸ்கூட வேண்டாம். கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சாயங்காலம் 6 மணிக்குக் கச்சேரி. ஒவ்வொரு நாளுக்கும் திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாளின் ஒரு கீர்த்தனை என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நாலாம் நாள் தோடி, ஐந்தாம் நாள் பைரவி, ஒன்பதாம் நாள் ஆரபி. யார் பாடுகிறார் என்று தெரியாவிட்டாலும் என்ன ராகம் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். எனக்கு லீவு ஒரு நாள்தான் என்றால் நாலாம் நாள்.

அந்த மண்டபத்துக்கு நான் முதலில் போனது ஜீன்ஸில். வாசலில் நின்ற பெரியவர் ஏற இறங்கப் பார்த்து, "முண்டு இல்லே?" என்றார். ஆண்கள் வேட்டி கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். சாலை பஜாருக்கு ஓடினேன். தமிழ் பேசும் கடைக்காரர் ஒருவர் கேட்காமலேயே ஒற்றை வேட்டியை எடுத்து நீட்டி, "நவராத்திரி மண்டபமா தம்பி?" என்றார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து உட்காரும்போது கச்சேரிக்கு முன்னால் பாடுகிற முல்லமூடு பாகவதர்கள் தோடய மங்களம் என்ற தொடக்கத் துதியை முடித்திருந்தார்கள். கூரையில் மண்பானைகள் தலைகீழாகத் தொங்கின, மைக் இல்லாமலே சத்தம் எடுபட அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. கைதட்டக் கூடாது. தோடி ஆலாபனை முடிந்ததும் என் இரண்டு கையும் தானாக எழும்பிவிட்டன. பக்கத்திலிருந்தவர் மெல்ல முழங்கையைத் தொட்டார். கைதட்டல் இல்லாத அந்த இடைவெளியில் தம்புரா மட்டும் கேட்டது.

அங்கே கொலுவிருக்கிற சரஸ்வதி எங்கள் ஊர்க்காரி. தக்கலைக்குப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து புறப்பட்டு, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வர, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் ராத் தங்கி மூன்றாம் நாள் கோட்டைக்குப் போய்ச் சேருகிறாள். நான் பஸ்ஸில் போவதும் அதே ரோடுதான். அவள் மண்டபத்தில் பெண்கள் பாடுவதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். எல்லையில் இருக்கிற களியக்காவிளையைத் தாண்டியதும் வருகிற பாறசாலை.

ஜனவரியில் பக்கத்துக் குதிரமாளிகை அரண்மனை முற்றத்தில் சுவாதி சங்கீதோற்சவம், முழுக்க சுவாதித் திருநாள் பாட்டு, அதுவும் இலவசம். நாற்காலி போட்டிருப்பார்கள். கொசுவுக்கு ஏதாவது கொண்டுபோங்கள். ஓணம் வாரத்தில் நகரம் முழுக்க மேடை. எதையும் தேட வேண்டாம், நடந்தாலே போதும். கிட்டார் சத்தம் கேட்க ஆசைப்பட்டால் வெள்ளயம்பலம் பக்கம் மானவீயம் வீதி. வார இறுதியில் பையன்களும் பெண்களும் நடைபாதையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். சில நாள் அருமை, சில நாள் ஒரே பாட்டை நாலு கூட்டம் வாசிக்கும்.

லாட்ஜ் போடாமல் அன்றே திரும்ப நினைப்பவர்கள் கடைசி பஸ்ஸை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கச்சேரிக் கடைசியில் வருகிற துக்கடாவெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத் தம்பானூருக்கு வந்து, களியக்காவிளை வரை நின்றுகொண்டே வந்து, அங்கே வேறு பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் டீக்கடையில் காத்திருந்த அனுபவம் எனக்கு மூன்று தடவை உண்டு.

நண்பன் இன்னமும் ஒவ்வொரு மாதமும் "லொகேஷன் அனுப்புடா" என்கிறான். நான் நோட்டீஸைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அவனுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. அதனால் அம்மா வாசிப்பதை வாய்ஸ் மெசேஜாகவும் சேர்த்து அனுப்புகிறேன். இந்த மாதம் அனுப்பியதில், சங்கீத சதஸ்ஸு எத்தனை மணிக்கு என்று அவள் சொல்கிற இடத்தில் சரியாகக் குக்கர் விசில் அடித்துவிட்டது.